சுட்ட களிமண் கலந்த கான்கிரீட்டும் வெப்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்கிரீட் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு நெருக்கடியான பருவங்கள் உண்டு. ஒன்று கோடை, மற்றொன்று, இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் புராஜெக்ட்டுக்காகக் கட்டிகளைச் சுமந்துகொண்டு உலையைத் தேடி வரும் காலம். சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சுட்ட களிமண்ணைச் சேர்த்த கான்கிரீட் சூட்டை எப்படித் தாங்கும் என்பதையே இரு பருவங்களிலும் வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். குறிப்பிடும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் அளவில் உள்ளவை.

களிமண் கலந்தால் கான்கிரீட் கெட்டுப்போகும் என்றுதானே மேஸ்திரிகள் சொல்கிறார்கள்? அதையே எப்படிச் சிமெண்டுக்குப் பதிலாகப் போடுகிறீர்கள்?

மேஸ்திரிகள் சொல்வது பச்சைக் களிமண்ணைப் பற்றி. அது முற்றிலும் சரி. மணலில் களிமண் இருந்தால் அது நீரை உறிஞ்சி உப்பும். ஜல்லியின் மேல் படலமாகப் படிந்து சிமெண்டைப் பிடிக்கவிடாது. மணலைக் கண்ணாடிக் குவளையில் நீரோடு குலுக்கி வைத்து, மேலே படியும் வண்டலின் உயரத்தைப் பார்க்கும் வழக்கம் இதற்காகத்தான் இருக்கிறது.

இங்கே பேசப்படுவது சுட்ட களிமண். கயோலினைட் என்னும் களிமண் கனிமத்தைச் சுமார் 650 முதல் 850 டிகிரி வரை சுடும்போது, அதன் படிக அமைப்புக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறுகிறது. தூய கயோலினைட் தன் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காட்டை இவ்வாறு இழக்கும். எஞ்சுவது ஒழுங்கு குலைந்த அமைப்புடைய மெட்டாகயோலின். இது தனியே நீரில் இறுகாது. ஆனால் சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது உண்டாகும் நீற்றிய சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு, சிமெண்ட் தருவதைப் போன்ற பசையைத் தானும் தரும். சுர்க்கி எனப்படும் செங்கற்பொடியைச் சுண்ணாம்போடு சேர்த்து 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையும் இந்த வினையை நம்பிக் கட்டப்பட்டதுதான்.

அதிகமாகச் சுட்டால் இன்னும் உறுதியாகத்தானே ஆகும்? செங்கல் அப்படித்தானே?

செங்கல்லுக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. செங்கல்லில் மண்துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்ட வேண்டும். சிமெண்டோடு சேரும் களிமண்ணிலோ துகள்கள் வினைபுரியத் தயாராக இருக்க வேண்டும். 950 டிகிரியைத் தாண்டினால் மெட்டாகயோலின் மறுபடியும் படிகமாக ஒழுங்குபடத் தொடங்கி, இன்னும் மேலே முல்லைட் என்னும் வினைபுரியாத படிகமாக மாறிச் சோம்பிவிடுகிறது. குறைவாகச் சுட்டாலும் கயோலினைட் மாறாமல் பச்சையாகவே தங்கிவிடும். நல்ல சுர்க்கிக்கு நன்றாக வெந்த கல்லைவிடச் சற்றே வேக்காடு குறைந்த செங்கல்லைப் பொறுக்கி அரைத்த பழைய கொத்தனார்கள் இந்த வேதியியலை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

ஆகவே, கலவை இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே, சூளையில் பட்ட வெப்பம் கான்கிரீட்டின் வலிமையில் ஒரு பங்கைத் தீர்மானித்துவிடுகிறது. மாணவர்கள் சில சமயம் உள்ளூர்ச் சூளையிலிருந்து உடைந்த செங்கல்லை அரைத்து எடுத்து வந்து அதை மெட்டாகயோலின் என்று எழுதிவிடுகிறார்கள். அது எந்த வெப்பத்தில் வெந்தது, அதில் கயோலினைட் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் பெறப்படும் முடிவை எதனோடும் ஒப்பிட முடியாது.

சிமெண்டில் எத்தனை விழுக்காட்டை எடுத்துவிட்டு இதைப் போடலாம்?

தனி மெட்டாகயோலின் என்றால் பெரும்பாலும் 5 முதல் 20 விழுக்காடு வரை. அதன் தரத்துக்கு ஐஎஸ் 16354 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. சுட்ட களிமண்ணோடு சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்த்தால் இன்னும் அதிகமாகப் போக முடியும். எல்சி3 எனப்படும் சிமெண்டில் பொதுவாகக் கிளிங்கர் (அரைத்தால் சிமெண்டாகும் சுட்ட கட்டி) 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 என்ற கணக்கில் இருக்கும். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் காரென் ஸ்கிரிவனரும், கியூபாவில் பெர்னாண்டோ மார்த்திரேனாவும், டெல்லி, சென்னை ஐஐடி-களின் ஆய்வாளர்களும் சேர்ந்து வளர்த்தெடுத்த கலவை இது. இந்தியத் தரநிலை 2023-இல் ஐஎஸ் 18189 என்ற எண்ணில் வந்தது.

இதற்கு விலையுயர்ந்த வெள்ளைக் கயோலின் தேவையில்லை. ஏறத்தாழ 40 விழுக்காடு கயோலினைட் உள்ள செம்மண் நிறக் களிமண்ணே போதும். கிளிங்கருக்கு 1450 டிகிரி வேண்டும். களிமண்ணுக்கு 800 டிகிரியே போதும். அதோடு, களிமண்ணைச் சுடும்போது சுண்ணாம்புக்கல் சிதைந்து வெளிவிடும் கரியமிலவாயுவும் இல்லை. இவ்வளவு பேர் இதன்மேல் ஆர்வம் காட்டுவதற்கு இதுவே காரணம்.

சித்திரை வெயிலில் இந்தக் கான்கிரீட்டைப் போட்டால் வலிமை கூடுமா, குறையுமா?

முதல் சில நாள்களில் கூடும். சுட்ட களிமண்ணின் வினை வெப்பத்தால் வேகமெடுக்கும் இயல்புடையது. ஆனால் வெயிலில் வரும் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. களிமண் துகள் மிக நுண்ணியது, தகடு போன்றது. அதனால் நீரை அதிகம் கேட்கும். ரெடிமிக்ஸ் வண்டி நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டால், கிளம்பும்போது தளர்ந்திருந்த கலவை வந்து சேரும்போது கெட்டிப்பட்டிருக்கும். அப்போது ஓட்டுநரிடம் "ரெண்டு குடம் தண்ணி விடுப்பா" என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே வலிமை போய்விடும். நீரைக் கூட்டாமலே கலவையைத் தளர்த்தும் சூப்பர்பிளாஸ்டிசைசரை உரிய அளவில் சேர்ப்பதே இதற்கு வழி.

காற்று வெப்பமோ போடும் கான்கிரீட்டின் வெப்பமோ 40 டிகிரியைத் தாண்டும் வேலையை ஐஎஸ் 7861 வெயில்காலக் கான்கிரீட்டாகக் கருதி, ஜல்லியை நிழலில் வைப்பது, குளிர்ந்த நீரைப் பயன்படுத்துவது போன்ற முறைகளைச் சொல்கிறது. கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து இறுகவிடும் கியூரிங் விஷயத்தில் ஐஎஸ் 456 சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் கேட்கிறது. கலப்புச் சிமெண்டுக்கும் உலர்ந்த வெயிலுக்கும் 10 நாள் கேட்டு, அதை 14 நாள் வரை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறது. சுட்ட களிமண்ணுக்கு அந்த 14 நாளைக் கொடுத்துவிடுவதே நல்லது. மேற்பரப்பு காய்ந்துவிட்டால் அங்கே வினை நின்றுவிடும். பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் அது முழுதாக ஈடாகாது.

பிரீகாஸ்ட் (முன்வார்ப்பு) தொழிற்சாலையில் நீராவி கொடுத்து இறுக வைக்கிறோம். களிமண் கலவைக்கு அது ஆகுமா?

ஆகும், ஒரு வகையில் சாதகமும் உண்டு. சாதாரணச் சிமெண்ட் கான்கிரீட் இளம் வயதில் சுமார் 70 டிகிரிக்கு மேல் சூடேறினால், அப்போது உருவாக வேண்டிய எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகம் பின்னாளில் ஈரம் பட்டு உருவாகி, உள்ளிருந்தே கான்கிரீட்டை விரியச் செய்து வெடிப்பு விடச் செய்யலாம். மெட்டாகயோலின் இந்தத் தாமத விரிவைக் கட்டுப்படுத்துகிறது. அதற்காக 70 டிகிரி வரம்பை மீறலாம் என்று பொருளல்ல.

தீ பிடித்தால் சாதாரணக் கான்கிரீட்டுக்கு உள்ளே என்னதான் நடக்கிறது?

களிமண் கலவையைப் புரிந்துகொள்ள இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 100 டிகிரியைச் சுற்றி நுண்துளைகளில் தங்கியிருக்கும் நீர் ஆவியாகத் தொடங்கும். அங்கிருந்து 300 டிகிரி வரை சிமெண்ட் பசையே தன்னுள் பிணைத்திருக்கும் நீரைப் படிப்படியாக இழக்கும். 400-க்கும் 500-க்கும் இடையில் நீற்றிய சுண்ணாம்பு உடைந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. 573 டிகிரியில் மணலிலும் கருங்கல் ஜல்லியிலும் உள்ள குவார்ட்ஸ் படிகம் உருமாறித் திடீரென விரிகிறது. 600-க்கு மேல் சுண்ணாம்புக்கல் சிதையத் தொடங்கும். பசை சுருங்க, ஜல்லி விரிய, இரண்டுக்கும் இடையே விரிசல் ஓடுகிறது.

ஐரோப்பிய விதிமுறையான யூரோகோட் 2, குவார்ட்ஸ் வகை ஜல்லி உள்ள கான்கிரீட்டுக்குச் சூடாக இருக்கும் நிலையில் எஞ்சும் அமுக்க வலிமையை 200 டிகிரியில் 95 விழுக்காடு, 400-இல் 75, 600-இல் 45, 800-இல் 15 என்று வைத்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் ஜல்லியானால் 600-இல் 60 விழுக்காடு எஞ்சும். சிமெண்ட் வகையைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். ஜல்லியைப் பற்றிக் கேட்பவர் அரிது.

களிமண்தான் ஏற்கெனவே 800 டிகிரியில் வெந்துவிட்டதே! மறுபடியும் தீ பட்டால் அதற்கு என்ன ஆகப்போகிறது?

மிகவும் புத்திசாலித்தனமாகத் தோன்றும் இந்தக் கேள்விதான் அதிகப் பேரைத் தவறான வழியில் இழுத்துச் செல்கிறது. கலவையில் சேர்ந்த களிமண் களிமண்ணாகவே இருப்பதில்லை. முதல் பதிலில் சொன்ன வினைக்குப் பிறகு அது நீர் பிணைந்த புதிய பசையாகிவிடுகிறது. அந்தப் பசை மற்றச் சிமெண்ட் பசையைப் போலவே சூட்டில் நீரை இழக்கும். வெந்த சோற்றை மறுபடியும் அடுப்பில் வைத்தால் கரியாது என்று யாரும் நினைப்பதில்லை அல்லவா?

ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட சோதனை இதில் முக்கியமானது. 0, 5, 10, 20 விழுக்காடு மெட்டாகயோலின் சேர்த்த கலவைகளை 800 டிகிரி வரை சூடாக்கி, சிலிக்கா ஃப்யூம் (நுண்ணிய சிலிக்காப் பொடி), ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்), சாதாரணச் சிமெண்ட் கான்கிரீட்டுகளோடு ஒப்பிட்டார்கள். 200 டிகிரியில் மெட்டாகயோலின் கான்கிரீட்டின் வலிமை கூடியது. அதற்கு மேற்பட்ட வெப்பங்களில் மற்ற மூன்றையும்விட அதிகமாகச் சரிந்தது.

காரணம் அதன் நல்ல குணத்திலேயே இருக்கிறது. சுட்ட களிமண் நுண்துளைகளை அடைத்துக் கான்கிரீட்டை இறுக்கமாக்குகிறது. கடலோரத்தில் உப்பு உள்ளே இறங்காமல் கம்பியைக் காப்பது அந்த இறுக்கமே. தீயின்போது உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழியில்லாமல் அழுந்துவதற்கும் அதே இறுக்கம்தான் காரணம்.

எங்கள் கட்டி 200 டிகிரியில் வலிமை கூடியதாகக் காட்டியது. கைடு நம்பமாட்டேன் என்கிறார். சோதனையில் தவறா?

பெரும்பாலும் தவறு இல்லை. மேலே சொன்ன ஹாங்காங் முடிவும் அதுவே. பசையின் அடுக்குகளுக்கு இடையே இருந்த நீர் வெளியேறும்போது அடுக்குகள் நெருங்கி ஒன்றையொன்று வலுவாக ஈர்க்கின்றன. அதோடு, வெளியேறும் சூடான நீராவி, அதுவரை வினைபுரியாமல் கிடந்த சிமெண்டையும் களிமண்ணையும் வினைபுரிய வைக்கிறது. கட்டி தனக்குள்ளேயே நீராவிக் கியூரிங் செய்துகொள்கிறது என்று சொல்லலாம். 28 நாளில் சோதித்தால் இந்த ஏற்றம் நன்றாகத் தெரியும்; வினை முதிர்ந்த பழைய கட்டியில் குறைவாக இருக்கும். ஆகவே கட்டியின் வயதை அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

உலைக்குள் கட்டி வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மேற்சொன்ன சோதனையில் அதிக வலிமைக் கலவைகளில் மட்டுமின்றிச் சாதாரண வலிமைக் கலவைகளிலும் மெட்டாகயோலின் கட்டிகள் வெடித்தன. மெட்டாகயோலின் அளவு கூடக் கூட வெடிப்பும் அடிக்கடி நேர்ந்தது. எங்கள் கூடத்தில் ஒரு மாணவர் குழு கியூரிங் தொட்டியிலிருந்து எடுத்த கட்டியைத் துணியால் ஒற்றிவிட்டு நேராக மஃபிள் உலையில் வைத்துவிட்டது. தேநீர் குடிக்கப் போனவர்கள் திரும்புவதற்குள் உள்ளிருந்து டப்பென்று ஒரு சத்தம். மறுநாள் ஆறிய பிறகு திறந்தால், கட்டியின் ஒரு மூலை முழுவதும் ஓடு ஓடாக உரிந்திருந்தது. கட்டைவிரல் அளவுள்ள ஒரு சில்லு வெப்பச் சுருள் ஓடும் பள்ளத்தில் குத்தி நின்றது. சுருள் அறுந்துபோய் அந்தப் பருவம் முழுவதும் உலை வேலை செய்யவில்லை.

வெடிப்புக்கு ஈரம், இறுக்கம், சூடேறும் வேகம் ஆகிய மூன்றும் கைகோக்க வேண்டும். கான்கிரீட்டின் ஈரம் எடையில் 3 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் வெடிப்பு நேர வாய்ப்பில்லை என்று யூரோகோட் கருதுகிறது. களிமண் இல்லாவிட்டாலும் இறுக்கமான கான்கிரீட் எதுவும் இப்படி உதிரக்கூடியதே. இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கடலடிச் சுரங்கத்தில் 1996 நவம்பரில் நேர்ந்த தீயில், உயர்வலிமைக் கான்கிரீட் வளையங்கள் தங்கள் கனத்தில் பெரும்பகுதியை இழந்தது இதனால்தான்.

பாலிப்ரொப்பிலீன் இழை இதற்கு எளிய மருந்து. கன மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் கலந்தால், சுமார் 165 டிகிரியில் இழை உருகி, நீராவி வெளியேற மெல்லிய பாதைகளை விட்டுச் செல்லும். கலவை சற்றே கெட்டிப்படும். வேலையின்போது அதற்கு ஈடுசெய்துகொள்ள வேண்டும்.

ஒரு கட்டுரை சுட்ட களிமண் தீக்கு நல்லது என்கிறது, இன்னொன்று மோசம் என்கிறது. யாரை நம்புவது?

முடிவைப் படிப்பதற்கு முன் சோதித்த முறையைப் படியுங்கள். சோதனை உலைகள் நிமிடத்துக்குச் சில டிகிரி வீதமே சூடேறுகின்றன. ஐஎஸ்ஓ 834 தரநிலைத் தீயோ 5 நிமிடத்தில் 576 டிகிரியையும், அரை மணியில் 842-ஐயும், ஒரு மணியில் 945-ஐயும் தொடுகிறது. மெதுவாகச் சூடேறினால் நீராவி அவசரமின்றி வெளியேறிவிடும். களிமண் கலவை நன்றாகத் தோன்றும்.

உலையில் கட்டி வெடித்த அந்த விபத்துக்குப் பிறகு 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தாத எதையும் நாங்கள் உலையில் வைப்பதில்லை. உலைக்கு அது பாதுகாப்பு. ஆனால் உலர்ந்த கட்டி காட்டும் எண்ணை, கீழ்த்தளத்தின் ஈரமான தூணுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சேர்த்தே மாணவர்களிடம் சொல்கிறேன். சூடாக இருக்கும்போதே அழுத்திப் பார்த்தார்களா, ஆற விட்டுப் பார்த்தார்களா என்பதும் முக்கியம். ஆறிய கட்டியே பெரும்பாலும் குறைந்த எண்ணைத் தரும். ஆற்றியது காற்றிலா நீரிலா, ஜல்லி எந்த வகை, களிமண்ணில் கயோலினைட் எவ்வளவு என்பவையும் தெரிந்தால்தான் இரு கட்டுரைகளை எதிரெதிரே வைக்க முடியும்.

தீயை அணைத்துவிட்டார்கள், கட்டிடம் நிற்கிறது. இனி வலிமை குறையாதல்லவா?

குறையலாம். 400 முதல் 500 டிகிரிக்குள் நீற்றிய சுண்ணாம்பு சுட்ட சுண்ணாம்பாகிறது என்று முன்பே சொன்னேன். சுட்ட கிளிஞ்சலில் நீர் தெளித்தால் அது பொங்கி மாவாவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது புரியும். தீயணைப்பு நீரையோ காற்றின் ஈரத்தையோ உறிஞ்சிச் சுட்ட சுண்ணாம்பு மறுபடியும் நீறும்போது, அதன் பருமன் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அதனால் ஆறிய பிறகும் பல நாள்கள் விரிசல் வளர்ந்து வலிமை இறங்கும்.

இந்த ஓர் இடத்தில் சுட்ட களிமண்ணுக்கு நியாயமான சாதகம் இருக்கிறது. அது சுண்ணாம்பை முன்பே எடுத்துக்கொண்டுவிடுவதால், தீயில் உடைவதற்கும் பிறகு நீறுவதற்கும் மிஞ்சுவது குறைவு. வெடிக்காமல் தீயைக் கடந்துவிட்ட உறுப்பைப் பொறுத்தவரை இது பொருட்படுத்த வேண்டிய வேறுபாடு.

நிறத்தைப் பார்த்து எவ்வளவு சூடு பட்டது என்று சொல்லலாமாமே?

சாம்பல் நிறக் கான்கிரீட்டில் ஓரளவு சொல்லலாம். இரும்புச் சத்துள்ள ஜல்லியும் மணலும் 300 முதல் 600 டிகிரிக்குள் இளஞ்சிவப்பாக மாறும். அதற்கு மேல் வெளிறும். இளஞ்சிவப்பு எங்கே முடிகிறதோ அதுவரை கான்கிரீட்டை நம்பக்கூடாது என்பது ஆய்வுக்குச் செல்பவர்களின் வழக்கம். ஆனால் இரும்பு மிகுந்த களிமண்ணிலிருந்து வந்த சிமெண்டே செம்மை கலந்ததாக இருக்கும். தீயையே காணாத கான்கிரீட் சூடுபட்டதுபோலத் தோற்றமளிக்கும். அதே கட்டிடத்தில் தீ படாத இடத்திலிருந்து ஒரு கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் நிறத்தை வைத்து எதையும் சொல்லிவிடாதீர்கள்.

அப்படியானால் வீடு கட்ட இந்தச் சிமெண்டைத் தவிர்த்துவிடலாமா?

தேவையில்லை என்பது என் கருத்து. வீட்டுக்குப் போடும் எம்20, எம்25 என்னும் சாதாரண வலிமைக் கான்கிரீட் நீராவியை அடைத்துவைக்கும் அளவுக்கு இறுக்கமானதல்ல. கூரைக்குக் கீழே சில ஆண்டுகள் இருந்தால் ஈரமும் இறங்கிவிடும். தீயில் வீட்டைக் காப்பதில் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் உறையான கவருக்கே பெரிய பங்கு. யூரோகோட் கணக்கில் கம்பி 400 டிகிரி வரை தன் வலிமையை வைத்திருந்து, 600-இல் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஐஎஸ் 456 இரண்டு மணி நேரத் தீக்கு, தொடர்ச்சியற்ற பீமுக்கு 40 மில்லிமீட்டரும் அத்தகைய தளத்துக்கு 35 மில்லிமீட்டரும் கவர் கேட்கிறது. கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் செருகும் தளத்தில் சிமெண்ட் வகையைப் பற்றிக் கவலைப்படுவது வீண்.

கவலைப்பட வேண்டியவை வேறு: உயர்வலிமைத் தூண்கள், சுரங்கங்கள், நிலத்தடி வாகன நிறுத்தங்கள். அங்கே சுட்ட களிமண் போட்டால் இழையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

செங்கல் ஜல்லியும் சுட்ட களிமண் உருண்டையும் போட்டால்?

அங்கே களிமண் சிமெண்டுக்குப் பதிலாக வரவில்லை, ஜல்லிக்குப் பதிலாக வருகிறது. ஆகவே கதை மாறுகிறது. உப்பிய களிமண் உருண்டைகள் 1100 டிகிரிக்கு மேல் சுட்டவை. அவை வினைபுரிவதில்லை, தீயில் பெரிதாக விரிவதுமில்லை. உள்ளிருக்கும் காற்றறைகள் சூட்டை மெதுவாகவே கடத்துகின்றன. ஏற்கெனவே வெந்ததுதானே என்ற அந்தக் கேள்வி இங்கே கேட்கப்பட்டிருந்தால் ஆமாம் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் இவை நீரை நிறைய உறிஞ்சி வைத்திருக்கும். உலராத நிலையில் தீ பட்டால் வெடிப்பு அபாயம் இங்கும் உண்டு.

அடுப்பு மேடை, பேக்கரி அடுப்பு, சூளைச் சுவர் போன்றவற்றுக்கு இதைப் போடலாமா?

சமையலறை மேடைக்குத் தாராளமாகப் போடலாம். அங்கே கான்கிரீட் வரை போகும் சூடு சொற்பம். பேக்கரி அடுப்பின் உட்சுவருக்கும் சூளைக்கும் போடக்கூடாது. தீ விபத்து ஒருமுறை வந்து போவது. அடுப்பு நாள்தோறும் ஏறி இறங்குவது. நீண்ட காலச் சூட்டுக்கு அமெரிக்காவின் அணுமின் நிலையக் கான்கிரீட் விதி பொதுவாக 66 டிகிரியையும், குறிப்பிட்ட சிறு பகுதிகளில் 93 டிகிரியையுமே அனுமதிக்கிறது. 200 டிகிரியில் வலிமை கூடியதே என்று ஒரு பேக்கரி உரிமையாளர் என்னிடம் வாதிட்டார். அவருக்குச் சொன்னதே இங்கும்: உட்பக்கம் தீச்செங்கல்லும் உயர் அலுமினாச் சிமெண்ட் கலவையும், அதற்குப் பின்னால் வெப்பம் தடுக்கும் அடுக்கு, எல்லாவற்றுக்கும் வெளியே, கை வைத்தால் சுடாத தூரத்தில், உங்கள் களிமண் கான்கிரீட்.